காது அட்டவணை

1963-ஆம் வருடம் பட்டாணி பொய்த்ததால்தான் நான் காதுக்குப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஊரார் காதை எட்டிப் பார்ப்பதே இந்த ஆளுக்குத் தொழில் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் சேனாதிபதி. படை எதுவும் கிடையாது. பெருமாள்மலையில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். பதினோராம் வகுப்பில் முப்பத்தொரு பேர். அந்த வருடம் நடத்த வேண்டிய பாடங்களில் ஒன்று பாரம்பரியம். அதாவது, அப்பா அம்மாவிடம் இருக்கும் பண்புகள் பிள்ளைக்கு எந்தக் கணக்கில் வருகின்றன என்பது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் மெண்டல் என்ற பாதிரியார். மடத்துத் தோட்டத்தில் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் சேர்த்து வளர்த்து, தலைமுறை தலைமுறையாக எண்ணினார். கண்டுபிடித்தவர் பாதிரியார் என்று தெரிந்ததும் எங்கள் தலைமையாசிரியர் பவுல்ராஜுக்கு ஏக சந்தோஷம். பள்ளித் தோட்டத்தில் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பூண்டியிலிருந்து விதை வரவழைத்து நானே பாத்தி கட்டினேன். முதல் தலைமுறை நன்றாகக் காய்த்தது. அதிலிருந்து விதை எடுத்து இரண்டாம் தலைமுறையைப் போட வேண்டும். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் வெறும் கொடிதான் இருந்தது. யார் தின்றது என்று வகுப்பில் கேட்டேன். வகுப்பே தின்றிருந்தது. இளசாக இருந்ததாக ஒருவன் சமாதானம் வேறு சொன்னான்.

காதை யாரும் தின்ன முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

காதின் அடியில் தோடு குத்துகிற சதைக்குச் சோணை என்று பெயர். சிலருக்கு அது தனியாகத் தொங்கும். சிலருக்குத் தாடையோடு ஒட்டியிருக்கும். தொங்குவது ஓங்கு பண்பு, ஒட்டுவது ஒடுங்கு பண்பு என்பது புத்தகத்தின் கணக்கு. ஒருவருக்குச் சோணை ஒட்டியிருந்தால், தொங்குவதற்கான காரணி அவரிடம் ஒன்றுகூட இல்லை என்று பொருள். தன்னிடம் இல்லாததைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பார்? ஆகவே அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சோணை ஒட்டியிருந்தால் பிள்ளைக்கும் ஒட்டித்தான் இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று பிற்பாடு ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அப்போது கிடைத்த புத்தகத்தில் சுலபமாகத்தான் இருந்தது.

அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அப்பா, அம்மா, நான் என்று மூன்று கட்டம். வீட்டில் பார்த்து, ஒவ்வொரு காதையும் படம் வரைந்து, ஒட்டியதா தொங்குவதா என்று எழுதி வரவேண்டும். "பார்த்ததை எழுதுங்க. பார்க்காததை எழுதாதீங்க" என்றேன். இதை வருடம் முழுக்கச் சொல்வேன். விஞ்ஞானத்தில் எனக்குத் தெரிந்ததே இது ஒன்றுதான் என்று மற்ற வாத்தியார்கள் சொல்லிக்கொள்வார்களாம்.

அட்டவணை கொடுத்த பிறகுதான் எங்கள் ஊரின் சங்கடம் புரிந்தது. மலையில் காதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பனிக்குப் பயந்து ஆம்பிளை மப்ளர் சுற்றியிருப்பான், பொம்பிளை துண்டு கட்டியிருப்பாள், குழந்தைக்குக் கம்பளிக் குல்லா. சோறு தின்னும்போதும் எடுக்கமாட்டார்கள். "எங்க அப்பா காது அடுத்த மாசந்தான் சார் வெளிய வரும்" என்று ஒருவன் தவணை கேட்டான்.

அன்றைக்கு வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டவள் அருள்மணி. முன் வரிசை. நான் பாதி சொன்னால் மீதியைக் கேட்கிற பெண்.

"ரெண்டு பேருக்கும் ஒட்டியிருந்து, புள்ளைக்குத் தொங்குனா என்ன சார் அர்த்தம்?"

பட்டாணி போன எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. "அர்த்தமென்ன? ஒண்ணு புத்தகம் தப்பு, இல்லைன்னா பெத்தவங்க தப்பு. புத்தகம் தப்பாகாது" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்கும் அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. நாக்கில் சனி உட்கார்ந்திருக்கும்போது நம் பேச்சு நமக்கே அழகாகத்தான் கேட்கும்.

அடுத்த வாரம் முப்பத்தொரு அட்டவணைகளும் வந்து சேர்ந்தன. முப்பது சரி. ஒன்றில், அப்பா ஒட்டியது, அம்மா ஒட்டியது, நான் தொங்குவது என்று இருந்தது. அருள்மணியுடையது. "கவனக்குறைவு, மறுபடி பார்" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுபடி பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த முறை ஆறு காதுகளையும் பெரிதாக, நிழல் போட்டு வரைந்திருந்தாள். அப்பா காதின் மயிர்கூட விடுபடவில்லை. அம்மா காது தாடையோடு ஒட்டி இறங்கியிருந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். படம் அருமை என்று பத்துக்கு ஒன்பது போட்டேன். அவள் அந்த ஒன்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் உட்கார்ந்தாள். அதன்பின் என் வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் எதிரே அருள்மணியின் அம்மா சூசையம்மாள் நின்றிருந்தாள். தலையிலிருந்து தாடைவரை துண்டு கட்டிய சின்ன உருவம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இவங்க ஒரு கம்ப்ளெயின்ட் சொல்றாங்க. நீங்களே கேளுங்க" என்றார் பவுல்ராஜ். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"எம்புள்ள என்னைய வாங்க போங்கன்னு பேசுது சார்" என்றாள் சூசையம்மாள். "ரெண்டு வாரமா இப்படித்தேன். நீ வா போன்னு பேசுன புள்ள. இப்பச் சாப்புட்டீங்களாங்குது, தண்ணி எடுத்துக்கிரவாங்குது. அவுக அப்பாவையும் அப்படித்தேன். வெள்ளனே எந்திரிச்சு வாசக் கூட்டி, வெறகு ஒடைச்சு, பாத்திரங் கழுவி வச்சிட்டுத்தேன் பள்ளிக்கூடம் வருது. ஒரு சோலி எனக்கு மிச்சம் வைக்கல."

"மாரல் கிளாஸ் வாரத்துக்கு ரெண்டு பீரியட் எடுக்கறேன்ல" என்று என்னிடம் சொன்னார் தலைமையாசிரியர். "நல்ல விஷயந்தானம்மா?"

"நல்லதாத்தேன் இருக்கு. வீட்டுல இருக்கப் பயமா இருக்கு" என்றாள் அவள்.

தலைமையாசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. பெற்ற வீட்டில் பிள்ளை வாங்க போங்க என்று பேசாது. அண்டி வந்த வீட்டில்தான் பேசும். விறகு உடைத்துப் போடும். நான் ஒன்றும் சொல்லாமல் வகுப்புக்குப் போய், தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று நடத்தினேன்.

பரீட்சை விண்ணப்பம் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை நாள் இப்படி ஒளிந்திருப்பேனோ தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறவர்கள் தங்கள் கைப்பட நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் போயாக வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் அடுக்கிப் பார்த்தபோது அருள்மணியின் விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர், தாயார் பெயர் என்ற இரண்டு இடங்களும் காலியாக இருந்தன. எழுதித் தரமாட்டேன் என்று தலைமையாசிரியரிடமே சொல்லிவிட்டாளாம். எழுதாவிட்டால் இந்த வருடப் பரீட்சை கிடையாது. பள்ளியில் முதல் மார்க் வாங்கக்கூடிய ஒரே பெண். தலைமையாசிரியர் மாரல் வகுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் அவளுக்கு எடுத்துவிட்டு, கடைசியில் என்னிடம் அனுப்பினார்.

ஆய்வறையில் பாம்பு ஜாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் எழுதலை?" என்றேன்.

"பாக்காததை எழுதக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"அதுக்காக..."

"ரெண்டு தடவ பாத்துட்டேன் சார். அவுக தூங்கையிலயும் பாத்தேன். ஒட்டித்தான் இருக்கு." பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். "தவுட்டுக்கு வாங்குனதுன்னு அப்பா எப்பயும் சொல்வாக. வெளையாட்டுன்னு நெனச்சேன். அவுகளக் கேட்டா மனசு கஷ்டப்படுவாக. எம்மேல ரெம்பப் பிரியமா இருக்காக சார். அதுனால கேக்கல."

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. அடம் பிடித்தால், உன்னைத் தவிட்டைக் கொடுத்து வாங்கினோம் என்பார்கள். என்னையும் சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டுவிட்டேன், ஏனென்றால் எனக்கு யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்" என்றேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. புத்தகம் தப்பாகாது என்று அப்போதும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அவளை எங்கிருந்தோ எடுத்து வளர்க்கிறார்கள், அதை அவர்கள் வாயாலேயே பக்குவமாகச் சொல்ல வைத்துவிட்டால் விண்ணப்பமாவது போகும் என்பதுதான் என் திட்டம்.

செண்பகனூர் போகும் ரோட்டில் ஒன்றரை மைல் நடந்தால் அவர்கள் வீடு. அருள்மணியின் அப்பா ஜெபதுரை, மலைச் சாலையில் மண் சரிந்தால் அள்ளிப் போடுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. நான் போனபோது சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாத்தியார் வீடு தேடி வந்தால் பிள்ளை தப்புப் பண்ணியிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே இரண்டு பேரும் ஒன்றும் கேட்காமல் என்னை அடுப்புப் பக்கம் உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். தலைக்கு மேல் கயிற்றில் ஈரக் கம்பளிகள் காய்ந்துகொண்டிருந்தன. அருள்மணி சுவரோரமாக, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள் மாதிரி நின்றாள்.

காப்பியைக் குடித்து முடித்தேன். அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை.

"அம்மா, நான் ஒங்க காதைக் கொஞ்சம் பாக்கணும்" என்றேன்.

என் உத்தியோகத்தில் நான் வாய்விட்டுக் கேட்டவற்றிலேயே கேவலமானது இதுதான். ஜெபதுரை கழுவின காலை மறுபடி ஒருமுறை துடைத்தார். சூசையம்மாள் புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு, ஆஸ்பத்திரியில் காட்டுவது போல் நினைத்தாளோ என்னவோ, துண்டை அவிழ்த்து விளக்குப் பக்கம் திரும்பினாள்.

படத்தில் இருந்தபடியே இருந்தது. சோணை தாடையோடு ஒட்டி இறங்கியிருந்தது. ஆனால் ஒட்டின இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நூல் கனத்தில், கழுத்துப் பக்கமாக வளைந்து போயிற்று. ஒட்டிப் பிறந்த காதில் தழும்பு ஏது? பதினாறு வயதுப் பெண் அதைத் தோலின் சுருக்கம் என்று விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது என்னை.

ஏனென்றால் என் அம்மாவுக்கே வளர்த்த காது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே காதைக் குத்தி, துவாரத்தைப் பெரிசாக்கி, கனமான தண்டட்டியை மாட்டிவிடுவார்கள். சோணை இழுபட்டுத் தோளைத் தொடும். மகன் குமாஸ்தா ஆகிவிட்டால், நாகரிகம் இல்லை என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், தொங்குகிறதை அறுத்துத் தைத்துக் கூட்டி வருவான். எனக்கு வேலை கிடைத்தபோது நானும் என் அம்மாவிடம் கேட்டேன். முடியாது என்றுவிட்டாள். அந்தக் கோபத்தில் அவளை ஒருமுறைகூட பெருமாள்மலைக்கு அழைத்து வந்ததில்லை. இப்படிப்பட்டவன், அப்பா அம்மா காதைப் பார்த்து எழுது என்று முப்பத்தொரு பேருக்கு அட்டவணை போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இது தைச்ச காது" என்றேன்.

அருள்மணி சுவரைவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"காதுக்கு என்ன சார் இப்ப?" என்றார் ஜெபதுரை.

அட்டவணையை முழுதாகச் சொன்னேன். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, புத்தகம் தப்பாகாது என்று நான் சொன்னது, விண்ணப்பத்தில் விட்ட இடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அபத்தமாக இருந்தது. சூசையம்மாள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கா நீ வாங்க போங்கன்ன?"

அருள்மணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லக்கூடாதுன்னு இருந்தோம் சார்" என்றார் ஜெபதுரை. மனைவியிடம், "நீயே சொல்லு" என்றார்.

சூசையம்மாள் என்னைப் பார்த்தே பேசினாள். மகளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை போலும்.

"ஆண்டிபட்டிப் பக்கம் இருந்தோம். இவளுக்கு அப்பப் பத்து மாசம். இடுப்புல வச்சிருக்கேன். ஓட்டு மேல கொரங்கு தொபுக்குன்னு குதிச்சிருச்சு. புள்ள பயந்து தண்டட்டிய எட்டிப் புடிச்சுத் தொங்கிருச்சு. நானும் பதறிக் குனிஞ்சுட்டேன். காது பிஞ்சு போச்சு. ரெத்தமெல்லாம் இவ மூஞ்சியில கெடக்கு. இவளுக்குத்தேன் அடின்னு நெனச்சு, எங்காத மறந்துட்டு இவளத் தொடச்சிட்டு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க மாமியா பாத்தாக. பெத்தவ காதப் பிச்ச புள்ள குடும்பத்துக்கு ஆகாது, சாமியாரம்மா மடத்துல குடுத்துருங்கன்னுட்டாக. ஊரே அதையே சொல்லுச்சு. ஒரு நா நான் தண்ணிக்குப் போயிட்டு வாரேன், புள்ளையத் துணியில சுத்தி வெளிய தூக்கிட்டுப் போக ரெடியா வச்சிருக்காக."

"அன்னைக்குத்தேன் மலையேறுனோம்" என்றார் ஜெபதுரை. "கட்டுன துணியோட. காதுல கட்டுப் போட்டு இவ முன்னால நடக்கா. புள்ளைய நான் தூக்கிட்டு வாரேன். பொறகு ஊருக்கே போகல."

"அப்ப அந்தத் தவுடு?" என்றாள் அருள்மணி. நான் வந்தபின் அவள் பேசின முதல் வார்த்தை அதுதான்.

ஜெபதுரை அடுப்பைப் பார்த்தார். "குடுத்துருங்க குடுத்துருங்கன்னு அவுக சொன்னது எங்காதுலயே கெடந்துச்சு ஆத்தா. அதக் கேலியாக்கிட்டா ஒண்ணுமில்லாமப் போயிரும்னு நெனச்சேன்."

வாத்தியாராக வந்தவன் அழக்கூடாது என்று காலிக் காப்பித் தம்ளரை எடுத்து மறுபடி குடித்தேன்.

அருள்மணி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மறுபக்கம் திருப்பி அந்தக் காதையும் பார்த்தாள். அங்கும் கோடு இருந்தது.

"ஒரு காதுதான நான் பிச்சேன். இது?"

"ஒண்ணு ஒட்டி, ஒண்ணு தோள் வரைக்கும் தொங்குனா நல்லாவா இருக்கும்? டாக்டரம்மா ரெண்டையும் ஒண்ணுபோல அறுத்துத் தச்சு விட்டுட்டாக."

"வலிச்சுச்சா?"

"பின்ன, வலிக்காதா?"

"ஏன் எங்கிட்டச் சொல்லல நீ?"

"நாந்தேன் பிச்சேன்னு நீ வருத்தப்படுவ."

நான் கொண்டுபோயிருந்த விண்ணப்பத்தை என் பையிலிருந்து அருள்மணியே எடுத்தாள். தரையில் வைத்து, இரண்டு பெயரையும் எழுதினாள். தாயார் பெயரில் ஓர் எழுத்து கோணிவிட்டது. அடித்துத் திருத்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அப்படியே விடச் சொன்னேன்.

நான் கிளம்ப எழுந்தேன். சூசையம்மாள் துண்டைக் கட்டிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தாள். அருள்மணி அவள் முந்தானையைப் பிடித்தபடி பின்னாலேயே வந்து நின்றாள்.

"சார், ஒங்க புஸ்தகம் இப்ப என்ன சொல்லுது?" என்றாள் சூசையம்மாள். "இவ எம்புள்ளதேன்னு சொல்லுதா?"

விஞ்ஞானப்படி இதற்கு ஒரு பதில்தான் உண்டு. தைத்த காதை அட்டவணையில் சேர்க்கக் கூடாது. ஆகவே, இவள் உங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லக் காரணம் இல்லை. அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் புத்தகம் ஓர் எழுத்துகூட சொல்லாது. பிள்ளைதான் என்று நிரூபிப்பது வேறு விஷயம்; அதற்கு எந்தக் காதும் போதாது.

"ஒங்க பிள்ளைதாம்மா. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

அருள்மணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்திருந்தவள். எந்தப் பக்கத்திலும் அப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அம்மா தன் பக்கம் திரும்பியதும் தலையாட்டினாள்.

"ஆமாம்மா, போட்டிருக்கு" என்றாள்.